கழிவுநீர்க் குழாயும் ஆறு ஆங்கில நாவல்களும்

பேராசிரியராகிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. உடம்பைப் பொறுத்தவரை நாங்கள் இருவரும் சௌக்கியம். உங்கள் வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். மரியாதை இத்துடன் முடிந்தது, இனி விஷயம்.

'நவீன ஆங்கில நாவல்களில் இயற்கையும் மனிதனும்' என்று நீங்கள் ஆராய்ச்சி செய்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆராய்ச்சி முடிந்ததும் அந்த ஆறு நாவல்களையும் அட்டைப்பெட்டியில் கட்டி உங்கள் அக்காவுக்கு அனுப்பினீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஒரே மாதத்தில் ஆறையும் முடித்துவிட்டு, காலை டீ நேரத்தில் எனக்குத் தமிழில் சொல்லவும் ஆரம்பித்தாள். ஒரு நாவலில் முதல் நூறு பக்கம் மரமே பேசுகிறதாம். இன்னொன்றில் கடல் ஊருக்குள் வந்துவிட, அக்காவும் தங்கையும் மொட்டை மாடியில் உட்கார்ந்து பழைய சண்டையைத் தொடர்கிறார்கள். மூன்றாவதில் ஒருவர் பாசியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கடைசிப் பக்கத்திலும் பார்க்கிறார். குடிநீர் வடிகால் துறையில் முப்பத்தோரு வருடம் பொறியாளராக இருந்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: ஆறில் ஒன்றிலாவது ஒரு பிளம்பர் வருகிறாரா? கடல் வந்த கதையில்கூட அடைப்பு எடுக்க யாரும் ஆள் கூப்பிடவில்லை.

போன மாதம் எங்கள் கழிவறையில் தண்ணீர் இறங்காமல் நின்றது. அடுத்து குளியலறை, அடுத்து சமையலறைத் தொட்டி. வெளியே கழிவுநீர்க் குழாயின் மூடியைத் திறந்து பார்த்தால், வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பெரிய மரத்தின் வேர் குழாய்க்குள் புகுந்து ஜடை பின்னி வைத்திருக்கிறது. மரத்தை எடுத்துவிடலாம் என்றேன். உங்கள் அக்கா பதில் சொல்லாமல் உள்ளே போனாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம் ஆனவன் செய்யக்கூடாத தவறு.

மரம் வெட்டுபவர் கயிறும் ரம்பமுமாக வந்த அன்று, மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவள் அந்த மரக்கதையைப் படித்துக்கொண்டிருந்தாள். நகரச் சொல்லிப் பார்த்தேன், பக்கம் திருப்பினாள். வந்தவர் அனுபவஸ்தர், அவசரப்படவில்லை. என்ன புத்தகம் என்று விசாரித்தார். அவ்வளவுதான், அவள் தமிழில் சொல்லத் தொடங்க, அவர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க, நான் வீட்டுக்கும் மரத்துக்கும் நடுவே மூன்று முறை டீ சுமந்தேன். கதையில் மரம் வெட்டும் கூட்டம் வந்ததும் அவர் முகம் மாறியது.

"வெட்டுறவர் பேரு என்னம்மா?"

உங்கள் அக்கா முன்னும் பின்னும் புரட்டினாள். "பேரு போடலைங்க. 'ஆட்கள்'னு மட்டும் இருக்கு."

"மரத்துக்குப் பேரு இருக்கா?"

"இருக்கு."

அவர் எழுந்து போய்க் குழாயை எட்டிப் பார்த்தார்.

"வேர் நல்ல குழாயை உடைக்காது சார். ஒழுகுற இடத்தைத் தேடித்தான் வரும். இந்த இணைப்பை எவனோ அரைகுறையா ஒட்டியிருக்கான்."

அந்த எவனோ நான்தான். இருபது வருடத்துக்கு முன், வேறு யாரையும் நம்பாமல் என் கையாலேயே ஒட்டியது. அதைவிட மோசம், அவர் சொன்ன அதே வாக்கியத்தைத்தான் வேலையில் இருந்தபோது பொதுமக்களின் புகார்களுக்குப் பதிலாக எழுதி எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் அக்காவுக்கு இது தெரியும். அவள் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை.

ஆகவே பழைய குழாயைக் கைவிட்டு, மரத்தைச் சுற்றிக்கொண்டு புதிய குழாய் போட்டாயிற்று. குழாய்க்கான பள்ளத்தை நானே அளந்து, கூடவே நின்று வெட்டவைத்தேன். தண்ணீர் இறங்குகிறது. மரம் நிற்கிறது. வீட்டில் பேச்சுவார்த்தை திரும்பிவிட்டது. இயற்கையும் மனிதனும் சமாதானமாகப் போக நாவல் தேவையில்லை, சரியான சாய்மானத்தில் ஒரு குழாய் போதும் என்பது என் தாழ்மையான கருத்து. இனிமேல் புத்தகம் எதுவும் அனுப்பவேண்டாம்.

பிள்ளைகள் நன்றாகப் படித்து, எதையும் ஆராயாமல் நீண்ட நாள் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: தபாலில் சேர்க்க நான்கு நாள் தாமதித்ததில் ஒரு செய்தி கூடிவிட்டது. மரம் சாய்ந்துவிட்டது. பெரிய காற்றுகூட இல்லை. யாருக்கும் அடியில்லை, சுற்றுச்சுவர் மட்டும் போயிற்று. பள்ளத்தை மிகவும் கிட்டத்தில் வெட்டியதில் அந்தப் பக்கத்து வேர் பூராவும் அறுந்துவிட்டது என்று மரம் வெட்டுபவர் வந்து பார்த்துச் சொன்னார். உங்கள் அக்கா காதில் விழாத தூரத்துக்கு என்னை அழைத்துப் போய்ச் சொன்னார், நல்ல மனிதர். அவள் அடிமரத்தின்மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "இதை யாராவது எழுதணும்" என்றாள். எழுத ஆரம்பித்துவிட்டேன். பதினெட்டுப் பக்கம் ஆகியிருக்கிறது. மரம் ஏன் சாய்ந்தது என்று சொல்லவேண்டிய இடத்தில் வந்து நிற்கிறது. வெட்டியவனே கதை சொல்கிற நாவல் ஏதாவது இருந்தால் உடனே அனுப்பி வைக்கவும்.