மருதமரத்து மச்சான்

ஆவணி பிறந்த அன்று நான் ஒரு சபதம் எடுத்தேன். இனி என் மனைவி வகையில் நடக்கும் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. சபதத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. மனசுக்குள் மிகவும் உரக்கச் சொல்லிக்கொண்டேன். முத்துமீனா பக்கத்தில்தான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

நீங்களே நியாயம் சொல்லுங்கள். கல்யாணமாகிப் பதினான்கு வருடம். காதுகுத்து, பால்காய்ச்சு, சடங்கு, வளைகாப்பு என்று ஒரு ஞாயிறு விடாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே என் முதுகு வளைந்துவிட்டது. காப்புதான் யாரும் போடவில்லை. அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. ஆனால் சித்தப்பா, பெரியப்பா வகையறா சமயநல்லூரில் தொடங்கித் திருநகர் வரைக்கும் நீளும்.

அண்ணன் தம்பி இல்லாதது எனக்குப் பெரிய வசதி. எந்தச் சண்டையிலும் தோற்கப் போகிறேன் என்று தெரிந்தால், கடைசியாக ஒன்று வைத்திருப்பேன். "ஒனக்காக வந்து என்னையக் கேக்க ஒரு ஆளு இருக்கா?" அத்தோடு அவள் பேச்சு நின்றுவிடும். அது நல்ல வார்த்தை இல்லைதான். ஆனால் வேலை செய்தது.

சபதம் எடுத்தாயிற்று. நிறைவேற்ற வழி வேண்டுமே. அது ஒரு வடை ரூபத்தில் வந்தது.

எங்கள் வீடு ஒத்தக்கடையில், கண்மாய்க்கரையை ஒட்டிய புது பிளாட்டில் இருக்கிறது. சர்க்கரைக்காக டாக்டர் தினமும் நாற்பது நிமிடம் நடக்கச் சொல்லியிருக்கிறார். நான் நான்கு நிமிடம் நடப்பேன். டீயும் இரண்டு ஆமவடையும் வாங்கிக்கொண்டு, கரையில் நிற்கும் மருதமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து மீதி முப்பத்தாறு நிமிடத்தை முடிப்பேன். வீட்டில் வடைக்குத் தடை.

அன்றைக்கு இரண்டு வடையில் ஒன்றைக் காணோம்.

திரும்பினால் வேரில் ஒரு ஆள் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தார். முழங்கால் உயரம். மருதங்காய் நிறம். தொப்பை மட்டும் முழு மனுசன் அளவு.

"பயப்படாதீங்க. நான் யட்சன். இந்த மரத்துலதான் குடியிருக்கேன். வடையில சோம்பு கொஞ்சம் தூக்கல்."

எனக்கு வியர்த்தது. ஆனால் வடையைப் பகிர்ந்துகொண்டவரிடம் எவ்வளவு நேரம் பயப்பட முடியும்?

"எம்புட்டு நாளா இங்க இருக்கீங்க?"

"முந்நூறு வருசமா. அதுல இந்த மூணு வருசந்தான் கஷ்டம். எதுத்தாப்புல மண்டபம் கட்டிட்டாய்ங்க. ஞாயித்துக்கெழமையானா பிரியாணி வாசனை ஆளைத் தூக்குது. அழைப்பில்லாம நாங்க எங்கயும் நொழைய முடியாது. எனக்கு யாரு பத்திரிக்கை வைப்பா?"

"ஒங்க பக்கம் விசேசமே கெடையாதா?"

"ஏன் இல்லாம? பாட்டு உண்டு, கூத்து உண்டு. சோறுதான் கெடையாது. பூவை மோந்துட்டுக் கெளம்ப வேண்டியதுதான்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இருங்க, வாரேன்" என்று மரத்துக்குள் போனவர், முகம் கழுவினாற்போல் உடனே திரும்பி வந்தார். உள்ளே ஒரு நாள் முழுக்கத் தூங்கிவிட்டு வந்தாராம். என் டீ அப்படியே சூடாக இருந்தது.

"எங்க பக்கம் காலம் வேற மாதிரி ஓடும்" என்றார்.

எனக்கோ மூளை ஓடியது. இவருக்குப் பந்தி கிடைக்கவில்லை. எனக்குப் பந்தியிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை.

"என்னைய மாதிரி உருவம் எடுக்க முடியுமா?"

"பொழுது சாயுற வரைக்கும் முடியும். ஆனா எங்களுக்குப் பொய் வராது. அப்பறம், யாராச்சும் உறவு சொல்லிக் கூப்பிட்டு நாங்க 'ம்'ன்னுட்டா, அந்த உறவு ஒட்டிக்கிரும். வெட்டவே முடியாது."

"அதுக்கென்ன மாப்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். மதுரைக்காரனுக்கு இது பெரிய கண்டம்.

யோசித்துப் பார்த்தேன். முத்துமீனா என்னை 'ஏங்க' என்றுதான் கூப்பிடுவாள். அது ஒரு உறவே இல்லை. மற்றவர்கள் முறை சொல்லிக் கூப்பிட்டாலும் சரி, பொய் வராவிட்டாலும் சரி, பேசாமல் இருந்தால் போயிற்று. புருஷன் பேசாமல் இருந்தால் எந்த ஊரிலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கையில் இருந்த திருநகர் காதுகுத்துப் பத்திரிகையை அவரிடம் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒரு வாரம் பயிற்சி கொடுத்தேன்.

"மண்டபத்துல போனைப் பாத்துக்கிட்டே இருக்கணும். பத்து நிமிசத்துக்கு ஒருதரம் 'எப்பக் கெளம்பலாம்'னு கேக்கணும். சாப்பாட்டுல உப்பு கம்மின்னு சொல்லணும்."

"உப்பு சரியா இருந்தா?"

"இருந்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கங்க. அவ பையக் குடுத்தா வாங்கக் கூடாது."

"புருசன்னா இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

ஞாயிறு காலை. "ஆட்டோ கூட்டிட்டு வாரேன்" என்று வெளியே வந்தேன். தத்ரூபமாக இருக்க வேண்டுமே என்று போன், பர்ஸ், வாட்ச் எல்லாவற்றையும் யட்சனிடம் கொடுத்தேன். என் முகம் எனக்கு இருப்பதைவிட அவருக்குக் கொஞ்சம் எடுப்பாகவே இருந்தது. முத்துமீனாவும் எங்கள் மகள் பவதாரிணியும் ஏறினார்கள். ஆட்டோ போயிற்று. நான் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வீடு பூட்டியிருந்தது.

சாவி முத்துமீனாவின் இடுப்பில். பதினான்கு வருடமாக அவள்தான் பூட்டுகிறாள் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கையில் போன் இல்லை. பர்ஸ் இல்லை. வேறு போக்கில்லாமல் மருதமரத்தடிக்கே திரும்பினேன். பதினொரு மணிக்கு எதிர் மண்டபத்தில் பிரியாணி தம் உடைத்தார்கள். காற்று என் பக்கம்தான் அடித்தது. அவர் மூன்று வருடம் பட்ட பாடு எனக்கு மூன்றே மணி நேரத்தில் விளங்கிவிட்டது.

பொழுது சாய்கிற நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. யட்சன் கையில் முத்துமீனாவின் பை. தோளில் பவதாரிணி. பாடத்தில் இல்லாத வேலை அது.

முத்துமீனா நேராக மரத்தைப் பார்த்து நடந்து வந்தாள்.

"ஏங்க, ஒளிஞ்சது போதும். வெளிய வாங்க."

வந்தேன்.

"எப்பத் தெரிஞ்சுச்சு?"

"ஆட்டோ மெயின்ரோட்டுல ஏறும்போதே. என்னையப் பாத்து 'சாப்ட்டியா'ன்னு கேட்டாரு."

"கரையில போறவக வாரவக எல்லாம் அதத்தான் கேக்குறாக" என்றார் யட்சன், பாவமாக. "மனுச வழக்கம்னு நெனச்சேன்."

"ஆமா முத்துமீனா, ஊர்ல எல்லாரும் எல்லாரையும் கேக்குறதுதான அது?"

"எல்லாரும் கேப்பாங்க. நீங்க கேட்டதில்ல."

அவள் சண்டைக் குரலில் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். விசேஷத்துக்குப் போகிற நாளில் விடியற்காலையில் எழுந்து எங்கள் இருவருக்கும் இட்லி வைத்துவிட்டு, தான் சாப்பிடாமலே கிளம்புவாளாம். பதினான்கு வருடமாக. எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அதோடு பசியாகவும் இருந்தது.

"அப்பறம், 'யாருண்ணே நீங்க'ன்னு கேட்டேன்" என்றாள்.

"அண்ணேன்னா கூப்பிட்ட?"

"வேத்து ஆம்பளைய வேற எப்பிடிக் கூப்பிடுவாங்க? 'ம், சொல்லுத்தா'ன்னாரு. எல்லாத்தையும் சொல்லிட்டாரு. வடை வரைக்கும்."

பிறகு அவள் வீட்டுக்கு வந்து வாசல் கதவைத் திறந்து, "உள்ள வாங்கண்ணே" என்றாள். அழைப்பு வந்துவிட்டதல்லவா, வந்தார். சூரியன் இறங்கியது, அவரும் பழையபடி முழங்கால் உயரத்துக்கு இறங்கினார். இறங்கி, என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். "அண்ணனுக்குப் பேரே இல்லையாம். எங்க தாத்தா பேரு சங்கிலின்னு வச்சுட்டேன்" என்றாள் முத்துமீனா. பவதாரிணி "மாமா" என்று அவர் தொப்பையில் சாய்ந்துகொண்டாள். அவர் அதற்கும் "ம்" சொன்னார்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்." என் வாய் தானாகச் சொன்னது.

"எந்தங்கச்சிக்காகக் கேக்க ஆளு இல்லன்னு அப்பப்பச் சொல்லுவீகளாமே?"

நான் எழுந்து போய், ஒரு தட்டில் இட்லியும் சட்னியும் எடுத்து வந்து முத்துமீனா முன்னால் வைத்தேன். "சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

"அண்ணனோட மூணு பந்தி சாப்ட்டேன். நீங்க சாப்புடுங்க" என்றாள். தட்டோடு உட்கார்ந்தேன். முதல் இட்லி இறங்குவதற்குள் என் பக்கத்தில் இன்னொரு தட்டு வந்தது. அதில் வெற்றிலை, பாக்கு, நடுவில் ஒரு மருத இலை.

"அண்ணன் மொறையாப் பத்திரிக்கை வச்சிருக்கு. வர்ற ஞாயிறு அண்ணன் வகையில காதுகுத்து. எனக்கும் பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்குல்ல, நாம முன்னால நிக்கணும்."

என் சபதம் தொண்டையில் இட்லியோடு சிக்கியது. தண்ணீர் குடித்து இரண்டையும் சேர்த்து விழுங்கினேன்.

"சரி. ஒரு நாள்தான?"

"ஒரே நாள்தான் மாப்ள" என்றார் மச்சான், மிகவும் ஆறுதலாக. "திங்கக்கெழம காலையில டான்னு வேலைக்குப் போயிரலாம். மரத்துக்குள்ளதான் அது ஏழு வருசம்."