கோரையைக் காப்பாற்றிய கதை

வாய் திறக்காத ஆளைப் பார்த்தால், அவனுக்கு எல்லாம் தெரியும் என்று உலகம் முடிவு கட்டிவிடுகிறது. என் விஷயத்தில் அப்படி முடிவு கட்டியவர் எங்கள் சூப்பர்வைசர்.

நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். பக்கத்து ஏரியைச் சுத்தம் செய்யப் போகிறோம் என்று அறிவித்து, ஏரிச் செடிகளை அடையாளம் காண ஒரு வகுப்பும் வைத்தார்கள். பாடம் நடத்திய அம்மா ஒரு சுலபமான வழி சொன்னார்.

"தண்டை விரல் நடுவுல வெச்சு உருட்டுங்க. மூணு முனை தட்டுப்பட்டா கோரை. வழுக்கிக்கிட்டு ஓடினா புல்லு."

எங்கிருந்தோ வந்த புல் ஒன்று ஏரியை மூடிக்கொண்டிருக்கிறதாம்; அதைப் பிடுங்க வேண்டும். கோரையில் பறவைகள் கூடு கட்டுமாம், அதைத் தொடக்கூடாது.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார். எனக்கு நிறைய இருந்தது. (அத்தனை பேர் முன்னால் கை தூக்குவதற்கு ஏரியிலேயே விழுந்துவிடலாம்.) நான் கம்மென்று இருப்பதைப் பார்த்த சூப்பர்வைசர், "இவருக்கு எல்லாம் புரிஞ்சிச்சு பாரு. ஞாயித்துக்கெழம இவர்தான் டீம் லீடரு" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் உருட்டினேன். துடைப்பக்குச்சி, மல்லித்தழைக் காம்பு, டீக்கடை ஸ்ட்ரா.

"கறிவேப்பிலைய இன்னாத்துக்குங்க உருட்டிக்கினு கீறீங்க? கொழம்பு கொதிக்குது, குடுங்க" என்று பிடுங்கிக்கொண்டாள் என் மனைவி வசந்தா.

நடுவில் ஒரு விடுமுறை வந்தது. ஆரணிப் பக்கம் வசந்தாவின் தம்பி சேகர் வீட்டுக்குப் போனோம். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறான். அந்த வீட்டில் எல்லாரும் நல்லவர்கள். ஆனால் நாஷ்டா முடிந்ததும், "அப்புறம் மாமா?" என்பார்கள். அப்புறம் என்ன சொல்வது என்று கல்யாணமான நாளிலிருந்தே எனக்குத் தெரியவில்லை. காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று ஏரிப் பக்கம் நழுவினேன்.

முந்தின நாள் நல்ல மழை. கரைக்குக் கீழே ஒரு மூலையில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் பச்சைப் பசேலென்று புல். இடையிடையே கொஞ்சம் கோரை. வரப்பு தண்ணீருக்குள் முங்கிக் கிடந்ததால் ஏரியின் ஓரம்தான் அது என்று நினைத்துவிட்டேன். (நான் வளர்ந்தது மில் லைன் வீட்டில். நெல்லைக் கதிரோடு காட்டினால்தான் எனக்குத் தெரியும். அதுவும் கிட்டத்தில் காட்ட வேண்டும்.) ஒன்றை உருட்டினேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. புல்!

வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். பேக்கிங்காரன் புத்தி எங்கே போகும்? வேர் அறாமல் பிடுங்கி, சேற்றை அலசி, ஒரே அளவுக் கட்டுகளாகப் பனையோலைக் கிழிசலால் கட்டி, தண்ணீரோரம் வரிசையாக நிறுத்தினேன். கோரை மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது எனக்கே புல்லரித்தது.

என்னைத் தேடிக்கொண்டு சேகரும் அவன் மனைவி கலாவும் வந்தார்கள். சேகர் கையில் எனக்கு மோர். சொம்பு அப்படியே சாய்ந்து, மோர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"மாமா... இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

"புல்லு மச்சான். உருட்டிப் பாத்துட்டுதான் புடுங்கினேன்."

"நாத்து மாமா அது! நாத்தங்கால் மாமா!"

சேகரின் அந்தப் போகம் முழுவதும் என் காலடியில் கட்டுக் கட்டாக நின்றது. நட்டநடுவில் கோரை மட்டும் ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தது.

கலாதான் குனிந்து ஒரு கட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"வேரு ஒண்ணுகூட அறுவல. கூலியாளுங்ககூட இவ்ளோ நேக்கா கட்ட மாட்டாங்கண்ணா" என்று என்னிடம் சொல்லிவிட்டு சேகரிடம் திரும்பினாள். "அடுத்த வாரம் எப்டியும் புடுங்கறதுதான? இப்பவே நட்டுரலாம்."

"கழனிய இன்னும் ஓட்டவே இல்லியே! பேஜாரு புச்ச மாமாவா கீறாரே" என்று தலையில் கை வைத்தான் சேகர். ஆனாலும் போன் மேல் போன் போட்டு டிராக்டரை வரவழைத்தான். நடவுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. நாற்று வாடினால் போச்சு. விருந்துக்குக் கட்டிய புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வசந்தா சேற்றில் இறங்கினாள். என்னைப் பார்த்த பார்வையில் நாற்றே கருகியிருக்கும். நானும் பின்னாலேயே இறங்கினேன்.

"மாமா, நீங்க கட்ட எட்த்துக் குடுத்தா போதும். எதையும் உருட்டாதீங்க" என்றான் சேகர்.

அன்று பாதி, மறுநாள் பாதி. பயிர் பிழைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை டீம் லீடராக ஏரியில் இறங்குமுன் நான் கரையைப் பார்த்து, "இது யாராவது நட்டதா?" என்று கத்தினேன். என் குரல் இப்படி இருக்கும் என்று கம்பெனியில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

அறுப்பு முடிந்து சேகர் அரிசி மூட்டை அனுப்பினான். அதன் வாயைக் கட்டியிருந்தது சணல் அல்ல, காய்ந்த கோரை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மூட்டையும் அப்படித்தான். அந்த வீட்டில் இப்போது என்னை யாரும் "அப்புறம்?" என்று கேட்பதில்லை. இலையில் சோற்றைப் போட்டுவிட்டு, "உருட்டிப் பாத்துட்டு சாப்புடுங்க மாமா" என்கிறார்கள்.

போன மாதம் வந்த மூட்டையை அவிழ்த்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. கோரையை மெதுவாக விரலிடுக்கில் வைத்தேன். மூன்று முனை.

"இன்னாங்க," சமையலறையிலிருந்து வசந்தாவின் குரல், "பாஸா?"