ராகுகாலம் தப்பிப்போன கல்யாணம்

அறிவு வெல்க!

செஞ்சி, 1968.

பட்டணத்திலிருக்கும் மருமகப்பிள்ளை சுந்தரமூர்த்திக்கு, செஞ்சி பகுத்தறிவு மன்றத் தலைவரும் உன் தாய்மாமனுமான தாண்டவராயன் எழுதிக்கொண்டது. இயற்கையின் தயவால் இங்கு யாவரும் சுகம். உன் சுகத்துக்கு விஞ்ஞானத்தை வேண்டிக்கொள்கிறேன். கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போடுகிற மூடப்பழக்கத்தை விட்டாச்சு. ‘அறிவு வெல்க’ போடாமல் ஆரம்பித்தால் மட்டும் கை ஓட மாட்டேங்குது.

ஞாயிற்றுக்கிழமை என் மக ரஞ்சிதத்துக்குச் சீர்திருத்தக் கல்யாணம். கூட்டம் மேல்மலையனூர் அமாவாசையைத் தோற்கடிச்சிடுச்சு, ராஜகிரிக் கோட்டையே குனிஞ்சு பார்த்ததுன்னா பார்த்துக்கோயேன். மூடநம்பிக்கையை முறியடிக்க ராகுகாலத்தில்தான் மாலை மாற்றுவது எங்கள் மன்றத்து வழக்கம். மாப்பிள்ளை பச்சைமுத்து பட்டாளத்துக்காரர், அவலூர்பேட்டையிலிருந்து வரணும். வர்ற வழியில் பஸ் டயர் வெடிச்சு, அவங்க வந்து எறங்கறப்ப பொழுது சாஞ்சிடுச்சு.

செயலாளர் பொன்னுசாமி கடிகாரத்தைப் பார்த்துட்டு அப்படியே உக்காந்துட்டார். “மோசம் போச்சு தலைவரே! ராகுகாலம் முடிஞ்சிடுச்சு. இனிமே நல்ல நேரம். நல்ல நேரத்துல கல்யாணம் பண்ணா ஊரு இன்னா பேசும்?”

“எமகண்டம் ஏதாவது இருக்குதா பாருய்யா,” என்றேன்.

“அது மத்தியானமே பூடுச்சே!”

மாப்பிள்ளைக்குத் திண்டிவனத்தில் ராத்திரி ரயில். விட்டால் அடுத்த லீவு ஒரு வருஷம் கழிச்சுத்தான். ரஞ்சிதம் மேடையிலேயே கத்திட்டா: “ஏன் நைனா, நல்ல நேரத்துல கட்டிக்கினா நான் நாசமாப் பூடுவனா?”

அப்போ சம்பந்தியம்மாள் குஞ்சம்மாள், புருஷனை இழந்தவங்க, தட்டிலிருந்த மாலைகளைக் கையில் எடுத்தாங்க. “அண்ணே, கூடப்பொறந்தவன் வூட்டுக் கல்யாணத்துலகூட என்னை மூலையிலதான் உக்கார வெச்சாங்க. நீங்கதான், மாலைய நீயே எடுத்துக் குடும்மான்னு சொன்னீங்க. நீங்களும் நேரம் பார்த்தா நான் எங்க போறது?”

பொன்னுசாமி கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாலை மாறியது. கைதட்டல் சிங்கவரம் வரைக்கும் கேட்டதாம். அந்த அம்மாளுக்குக் கண்ஜாடை காட்டிப் பேசவைத்ததே நான்தான் என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். நீயும் அப்படியே சொல்லு.

இனி நல்லதோ கெட்டதோ, எந்த நேரமும் பார்ப்பதில்லை என்று மன்றத்தில் நின்று சத்தியம் பண்ணிட்டோம். புதுத்தம்பதிகள் பகுத்தறிவோடு பல்லாண்டு வாழட்டும், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
தாண்டவராயன்

பி.கு.: கடிதம் வர இரண்டு நாள் தாமதமானால் பதறாதே. இன்றைக்கும் நாளைக்கும் சுபமுகூர்த்த நாளாம். அஷ்டமி பிறந்ததும் தபாலில் போட்டுவிடுகிறேன்.