ரவுண்டாக வருவதற்கு ஒரு நாள்

வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள் என்பதை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள், கள்ளக்குறிச்சியில், ஏன், இந்தப் பூமியிலேயே, எங்கள் ரைஸ் மில் டைம் கீப்பர்தான். யார் வேலைக்கு வந்தார்கள், யார் மட்டம் போட்டார்கள் என்று நோட்டில் குறிப்பது அவர் உத்தியோகம். இருபது வருடமாக வராதவர்களையே எண்ணி எண்ணி, எதைப் பார்த்தாலும் கழிக்கத் தோன்றும் வியாதி வந்துவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. எங்களுக்கு அவர் 'கழித்தல்'.

டீக்கடையில் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். "நுரையக் கழிச்சா முக்கா கிளாஸ்கூட இல்ல. நான் இன்னா காத்தையா குடிக்கிறேன்?" ஒருநாள் கடைக்காரர் கடுப்பாகி, ஆற்றாமல் நுரையில்லாமல் கொடுத்துவிட்டார். நாக்கு வெந்து கழித்தல் இரண்டு நாள் பேசவில்லை. மில்லே நிம்மதியாக வேலை பார்த்தது.

வெள்ளிமலை வேன் டிரைவர் ஒருவர், மாதச் சம்பளத்தை விட்டு நாள் கணக்கில் ஓட்டச் சொல்கிறார்களே, எவ்வளவு கேட்கலாம் என்று இவரிடம் வந்தார். கழித்தல் மழை நாளைக் கழித்தார். பனிமூட்ட நாளைக் கழித்தார். மலை ரோட்டில் மண் சரியும் நாள், பலாப்பழ சீசனில் டிரைவரே பழம் இறக்கப் போய்விடும் நாள், எல்லாம் போயிற்று.

"இதுக்கு மேல கழிச்சா வண்டியவே எழுதிக் குடுன்னு கேக்கணும்ணே" என்று டிரைவர் எழுந்து ஓடினார். ஓடினவர், கழித்தல் போட்டுக் கொடுத்த அதே இரண்டாயிரத்து இருநூறைக் கேட்டு வாங்கியும்விட்டார் என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன், என் முறை வரும்வரை. மில்லில் நான் மெஷின் ஃபிட்டர். மாதம் இருபத்துநாலாயிரம். அதில்தான் வாடகை, மகளின் ஸ்கூல் ஃபீஸ், சோறு எல்லாம். ஒரு சனிக்கிழமை சின்ன முதலாளி கூப்பிட்டார்.

"அடுத்த மாசத்துலேந்து நீ கான்ட்ராக்ட். வர்ற நாளுக்கு மட்டும் காசு. ஒன் சம்பளத்த முப்பதால வகுத்தா எண்ணூறு. நான் அம்பது ஜாஸ்தியே தரேன். திங்கக்கெழம பதில் சொல்லு."

ஐம்பது ஜாஸ்தி. அந்தக் கருணையில் உருகிப்போய் அரைக் கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு வந்தேன். வாசலில் கழித்தல் மறித்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு பொட்டலத்தைப் பிரித்தார்.

"ஞாயித்துக்கெழம மில்லு ஓடுமா?"

"ஓடாது."

"அன்னிக்கு சோறு துன்னுவியா?"

"துன்னுவேன்."

"அதுக்கு எவன் குடுப்பான்?"

மிக்சர் எனக்குத் தொண்டையில் நின்றது. அவருக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. ஞாயிறு ஐம்பத்திரண்டு, பண்டிகை பதின்மூன்று, சம்பளத்தோடு கிடைத்த லீவு இருபத்துநாலு, நெல் வராமல் மில் சும்மா நிற்பது முப்பது, காய்ச்சல் ஆறு. இருநூற்று நாற்பதில் வந்து நின்றார். அடுத்து சாவு.

"ஒங்க சைடுல எழுபதத் தாண்டினவங்க எத்தினி பேரு?"

"பெரியப்பா ஒருத்தர். நல்லாத்தான் இருக்காரு."

"சர்க்கரை இருக்குதா?"

"இருக்குது."

"எழுதிக்கோ."

இப்படி நாலு பேரை உட்கார்ந்த இடத்திலேயே அனுப்பிவைத்தார். கல்யாணம், காதுகுத்து மூன்று நாள். கடைசியில், காரணம் சொல்லாமல் இன்னும் ஒன்றைக் கழித்தார்.

"இது எதுக்குண்ணே?"

"ரவுண்டா வரணும் இல்ல?"

மிச்சம் இருநூற்று முப்பத்திரண்டு நாள். சம்பளம், தீபாவளி போனஸ், மில் கட்டும் பி.எஃப்., இன்சூரன்ஸ் எல்லாம் கூட்டி மூன்று லட்சத்து நாற்பத்தெட்டாயிரம். வகுத்தால் சுத்தமாக ஆயிரத்து ஐநூறு.

"எண்ணூத்தம்பதுக்குத் தலையாட்டினா, வருஷம் ஒண்ணரை லட்சம் மொதலாளிக்கு மொய் எழுதுற. அதுக்கு மிக்சர் வேற" என்று காலிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை அந்தத் தாளைக் கொடுத்தேன். சின்ன முதலாளி சிரித்துக்கொண்டே படித்தார். சாவு வரியில் சிரிப்பு நின்றது. கழித்தல் சொல்லச் சொல்ல நான் எழுதியதில் நாலாவது பெயர் அவருடைய அப்பா, பெரிய முதலாளி; அவர் போனால் அன்றைக்கு மில் மூடுமே. போச்சு, இருக்கிற வேலையும் போச்சு என்று நினைத்தேன். பேனாவை எடுத்து அந்த வரியைச் சுழித்தார்.

"அப்பாவுக்கு ஒரு நாளு போதுமா? கம்மியா இருக்குதே" என்றார். பிறகு பேரம் பேசி ஆயிரத்து நானூறுக்கு வந்தார்.

போன ஆடியில் கழித்தலுக்குக் கண் ஆபரேஷன். கல்யாணம் கட்டாத மனுஷர், சொந்தமென்று யாருமில்லை. நான் ஒருவனாவது போகலாமே என்று தியாகிபோல ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே ஏற்கெனவே வெள்ளிமலை டிரைவரையும் சேர்த்து நாலு பேர். எல்லோரும் இவரிடம் ரேட் போட்டுக்கொண்ட கான்ட்ராக்ட் ஆட்கள்.

"எனக்கும் ரவுண்டா வரணும்னுதான் ஒரு நாளு கழிச்சாரு. கடைசி வரைக்கும் ரவுண்டாவே வரலீங்க" என்றார் கம்ப்யூட்டர் சென்டர் அக்கா. மற்ற மூன்று பேர் கணக்கிலும் அதே ஒரு நாளைக் கழித்திருக்கிறார். அவரையே கேட்டோம்.

கழித்தல் கட்டுப் போட்ட கண்ணோடு கூரையைப் பார்த்தார். "ஆபரேஷன்னா கையெழுத்துப் போட ஒரு ஆளு வேணும்னு அப்பவே சொல்லிட்டாங்க. எவன் வருவான், எவன் வர மாட்டான்னு எனக்கு இன்னா தெரியும்? அதான் எல்லார் கணக்குலயும் எனக்குன்னு ஒரு நாள எடுத்து வெச்சேன்." சற்று நேரம் உதடு அசைந்தது. "அஞ்சு பேருமே வந்துட்டீங்க. இந்த ரூம்ல இன்னிக்கு ஏழாயிரத்தி இருநூறு ரூபா ஒக்காந்துகினு இருக்குது. ரெண்டு பேராவது வேலைக்குப் போங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை.

இந்த வருடம் புது ரேட் கேட்கத் தாளை நானே எழுதினேன். அந்த ஒரு நாளை மூன்று நாளாக்கிக் கழித்தேன். இது எதற்கு என்று சின்ன முதலாளி கேட்டார்.

"ரவுண்டா வரணும் இல்லீங்களா" என்றேன்.