ஆடு ரசித்த சுவர்

அடுத்தவர் வீட்டில் அழகாக இருப்பதை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தால், வழியில் எங்கேயோ அதற்குப் புத்தி பேதலித்துவிடுகிறது. எனக்கு இந்த ஞானம் பிறந்தது சுனாமிக்கு அடுத்த வருஷம். அப்போது குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். (வேலை என்றால் சாவி கொடுப்பது, சாவி வாங்குவது. வீட்டில் மேனேஜர் என்று சொல்லி வைத்திருந்தேன்.)

அந்த கெஸ்ட் ஹவுஸ் மேல் எனக்கு அப்படியொரு மயக்கம். சுவரெல்லாம் செம்மண் பூச்சு, அதில் அங்கங்கே வைக்கோல் துணுக்கு மின்னும். தடவினால் கை அங்கேயே தங்கிவிடும். டியூப் லைட் கிடையாது. மூங்கில் கூடைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் பல்பு மூலையை மட்டும் காட்டும், மற்றதெல்லாம் இதமான இருட்டு. அதில் உட்கார்ந்தால் யாருக்கும் குரல் உயராது. சண்டைக்காரப் புருஷன் பெண்டாட்டிகூட மெதுவாகத்தான் திட்டிக்கொள்வார்கள்.

எங்கள் வீடு பெருமுக்கல் மலைச்சரிவில் இருந்தது. பச்சை டிஸ்டெம்பர், நாலு பக்கமும் வெடிப்பு, காலண்டர் போன பிறகும் போகாத ஆணிகள். அந்த நேரத்தில்தான் என் தங்கை கோமதிக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை திண்டிவனத்தில் கணக்கு வாத்தியார். அதுவரை வந்த போட்டோக்களையெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்காதவள், இந்த போட்டோவை மட்டும் அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. "இவங்கள மட்டும் விட்டுடாதீங்கம்மா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். கோமதி எதையும் கேட்கிறவள் இல்லை. அதனால் வீடே பதறியது.

"வீட்டைப் பாத்தே அவங்க மயங்கிடணும். நான் பாத்துக்கறேன்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மலைச்சரிவு மண் வெறும் சரளை, சுவரில் நிற்காது. எனக்கு மூளை மின்னல் வேகத்தில் ஓடியது. மரக்காணத்தில் அப்பாவுக்குக் குத்தகை உப்பளம் இருந்தது. அங்கே பாத்தி கட்டும்போது களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துத் தரையைக் கண்ணாடி மாதிரி ஆக்குவார்கள். அந்தப் பளபளப்பைச் சுவரில் கொண்டுவந்தால் கெஸ்ட் ஹவுஸே என்னிடம் பாடம் கேட்க வேண்டியதுதான்! ஒரு டிராக்டர் உப்பளத்து மண் வந்து இறங்கியது. அதைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, காவியும் வைக்கோலும் கலந்து பூசினோம். அப்பாகூட அளத்துக்குப் போகாமல் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார். "பாத்தி மாதிரியே வந்துடுச்சிடா" என்று பூரித்தார்.

காலங்காலமாக உப்பு விளைவிக்கும் குடும்பம். அந்த மண்ணில் உப்பு இருக்கும் என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. எங்களுக்கு உப்பு என்றால் மேலே வாரி எடுப்பது. கீழே இருப்பது மண், அவ்வளவுதான்.

டியூப் லைட்டை நிறுத்திவிட்டு, மூங்கில் கூடைக்குள் ஒரு மஞ்சள் பல்பைத் தாழ்வாகத் தொங்கவிட்டேன். நிஜமாகவே வீடு அழகாக இருந்தது. வெயில் காலம் முழுக்க நானே வாசலில் நின்று என் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாதான், "எழவு வீட்டுல கரண்ட் போன மாதிரி இருக்குது" என்றாள். (ரசனை எல்லோருக்கும் வந்துவிடாது என்று விட்டுவிட்டேன்.) பக்கத்து வீட்டு ஆடுகள் மட்டும் தினமும் வந்து வெளிச்சுவரை ஒட்டி நின்றன. ஆடுகூட ரசிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஆடி, புரட்டாசி கழியட்டும் என்று காத்திருந்து அவர்கள் பெண் பார்க்க வந்த சாயங்காலம் காற்றே ஈரமாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா வாசற்படி தாண்டியதும் நின்றுவிட்டார்.

"கரண்ட் இல்லீங்களா?"

"இருக்குதுங்க. இப்ப இதான் ஃபேஷன்" என்றேன்.

அவர் இருட்டைத் துழாவி ஒரு நாற்காலியைக் கண்டுபிடித்தார். அவருடைய மனைவி, எங்கள் அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்காரப் போய், சத்தம் கேட்டு விலகினார். மாப்பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்தார். பெரியவர் அப்பாடா என்று சுவரில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் முதுகை நெளித்தார்.

"செவுரு ஈரமா இருக்குதே தம்பி."

"குளுகுளுன்னு இருக்கும்ங்க. ஏசி மாதிரி."

அதற்குள் "ஐயோ!" என்று மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். ஜன்னலுக்குள் தலையை விட்ட ஒரு ஆடு, சட்டத்தையும் சுவரையும் நக்கி முடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து மண் ஒட்டியிருந்த அவருடைய கன்னத்துக்கு வந்திருந்தது. அவர் எழுந்த வேகத்தில் மூங்கில் கூடையில் தலை மோதி, இருந்த ஒரே பல்பும் போனது. இருட்டில் அம்மா ஊரிலுள்ள சாமிகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தாள். தங்கையின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன் என்றே நினைத்தேன்.

டொக் டொக் என்று பழைய டியூப் லைட் எரிந்தது. சுவிட்சுக்குப் பக்கத்தில் காபித் தட்டோடு கோமதி நின்றாள். வெளிச்சத்தில் எல்லாமே தெரிந்தது. சுவரில் முத்து முத்தாக வேர்வை, நடுநடுவே வெள்ளையாகப் பூத்த திட்டுகள், பெரியவரின் வெள்ளைச் சட்டை முதுகில் பழுப்பாக ஒரு உலக வரைபடம், இன்னும் நக்கிக்கொண்டிருந்த ஆடு.

"அது வந்து... ஈரப்பதம்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இருண்ணா" என்றாள். தட்டை வைத்தாள். ஆட்டின் மூக்கைப் பிடித்து வெளியே தள்ளி ஜன்னலைச் சாத்தினாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"இது எங்க அளத்து மண்ணுங்க. உப்பு ஊறிக் கெடக்குது, அதான் மழைக்குத் தண்ணி விடுது. நாங்க உப்பு விக்கறவங்க, எங்களுக்கே தோணல பாருங்க." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு பெரியவரிடம் கையை நீட்டினாள். "சட்டையக் கழட்டிக் குடுங்க மாமா, காயறதுக்குள்ள அலசிடறேன்."

மாமா! இன்னும் ஒரு வார்த்தை பேசி முடிக்கவில்லை, வெற்றிலை பாக்கு மாற்றவில்லை. சொன்ன பிறகுதான் அவளுக்கும் உறைத்தது. முகம் சிவந்ததே தவிர, நீட்டிய கையை அவள் பின்னால் இழுக்கவில்லை. என்னுடைய மஞ்சள் பல்புக்கு வராத அழகு அந்த டியூப் லைட் வெளிச்சத்தில் அவள் முகத்தில் இருந்தது. அவ்வளவு தைரியம் எனக்கு இன்றுவரை வந்ததில்லை. என் தங்கை என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

பெரியவர் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். கன்னத்தைத் துடைத்துக்கொண்டே மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய அம்மா, "மாமான்னு கூப்ட்டாச்சி. இனிமே பேச என்னா இருக்குது? காபியக் குடும்மா" என்றார்.

தை மாசம் கல்யாணம். சுவரை மார்கழியிலேயே சுரண்டிவிட்டோம். பெரியவர் இன்றைக்கும் நான் இருக்கும் அறையில் நாற்காலியைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டுத்தான் உட்காருவார்.

போன வருஷம் திண்டிவனத்தில் கோமதி புது வீடு கட்டினாள். போன் போட்டு, "ஹால்ல ஒரு செவுரு மட்டும் நீ பூசிக் குடுண்ணா. அன்னைக்கி லைட்டப் போடறதுக்கு முன்னாடி நம்ம வீடு எவ்ளோ அழகா இருந்திச்சி தெரியுமா?" என்றாள். மறுநாளே குயிலாப்பாளையத்துச் செம்மண்ணை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனேன். வண்டியிலிருந்து இறக்கும்போதே மொத்தக் குடும்பமும் வாசலில் கூடிவிட்டது. கோமதி மூட்டையைப் பிரித்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சப்புன்னு இருக்குது. பூசுண்ணா" என்றாள்.