சீவாவில் ஓர் அம்மன்

என் காது ஓர் அவசரக்காரக் காது. பாதி கேட்டதும் மீதியைத் தானே நிரப்பிவிடும். அதை நம்பித்தான் மாமியைப் பாலைவனத்துக்குக் கூட்டிப்போனேன்.

மாமி என் மனைவி வாசுகியின் அம்மா. எங்களுடையது காதல் கலியாணம் என்பதால் இரண்டு வருடமாக என்னோடு நேரே பேசவில்லை. லண்டன் செவன் கிங்ஸ் வீட்டில் ஒரே மேசையில் எதிரே இருந்துகொண்டு மகளிடம், "பிள்ளை, அவருக்குச் சோறு காணுமோ எண்டு கேள்" என்பார். (நான் மேசையைப் பார்த்துத் தலையாட்டுவேன்.) எப்படியாவது அவரை என்னோடு ஒரு வார்த்தை பேச வைக்க வேண்டும்!

எகிப்துச் சுற்றுலாவுக்கு ஏஜென்சிக்குப் போன் எடுத்து விசாரித்தபோது, பஸ் இரைச்சலுக்குள்ளே, பாலைவனச் சோலையில் 'சிவா' என்றொரு ஊர், அங்கே பழைய 'அம்மன்' கோயில் என்று கேட்டது. ஊர் பேர் சிவா, கோயில் அம்மன். இதற்குமேல் என்ன வேண்டும்?

மாமி உருகிப்போனார். "ஐயர் ஆரெண்டு அவரைக் கேள்."

"எங்கடை ஆக்கள்தான் இருப்பினம்" என்றேன். (அவர்கள் இல்லாத இடம் ஏது?)

கெய்ரோவிலிருந்து நாள் முழுக்கப் பயணம். மறுநாள் காலை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், அம்மனுக்குச் சாத்தப் பட்டுச்சேலையும் தேங்காயும் கற்பூரமுமாக மாமி வந்தார். பேரீச்ச மரங்களுக்கு நடுவே நின்றது ஒற்றைச் சுவர். சுற்றிலும் உடைந்த கற்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபுரம் எங்கே? வாசல் தேடிச் சுவரைச் சுற்றினேன். திரும்பிப் பார்த்தால், நான் கோயில் வீதி சுற்றிக் கும்பிடுகிறேன் என்று நினைத்து மாமியும் கைகூப்பியபடி பின்னால் வருகிறார்! மூன்று சுற்று முடிந்தது.

"மூலஸ்தானம் எங்கை எண்டு அவரைக் கேள்."

நான் வழிகாட்டியைக் கேட்டேன். அவர் சுவரில் செதுக்கியிருந்த உருவத்தைக் காட்டினார். தலையில் இரண்டு நீள இறகு. நாடியில் தாடி.

"அமுன். தெய்வங்களுக்கெல்லாம் ராஜா."

"ராணி இல்லையா?" என்றேன். வாசுகி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமி சுவரைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், பிறகு நேரே என்னைப் பார்த்தார்.

"உமக்கு விசரே? இந்தத் தாடிக்காரனுக்கே நான் சீலை உடுத்திறது?"

உமக்கு! என்னிடம்தான்! எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமி" என்று சொல்லி முடிக்குமுன் இரண்டு வருடத்து ஏச்சும் சேர்ந்து வந்தது. இன்னும் நிற்கவில்லை.

இப்போது மனோர் பார்க் கோயிலுக்குப் போனாலும், கார் கதவைத் திறக்குமுன் மாமி என்னைத்தான் கேட்பார்:

"தம்பி, உள்ளுக்கை இருக்கிறது ஆம்பிளையோ பொம்பிளையோ? வடிவா விசாரிச்சனீரோ?"