லிங்க் வள்ளல்

வள்ளல்களின் காலம் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் கைப்பேசிக்குள்ளேயே ஒரு புது இனம் பெருகிக் கிடக்கிறது. லிங்க் வள்ளல் என்று பெயர். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுக்களில் அதிகம் காணப்படும். 'பிளஸ் டூ பாடம் முழுவதும் இலவசம்' என்றும், 'ஆசிரியர்களே, ஆயிரம் மாதிரி வினாத்தாள், இன்றே எடுத்துக்கொள்ளுங்கள், நாளை முதல் கட்டணம்' என்றும் தலைப்புப் போட்டு, அதன் கீழே நீல நிறத்தில் நாலு வரி நீளத்துக்கு ஒரு முகவரியை ஒட்டி, அதற்கும் கீழே 'பயன் பெறுக, பகிர்க' என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டு, அப்புறம்தான் இது பல் துலக்கும். திறந்து பார்க்குமா? பந்தி முடியும் முன்னால் வள்ளல் எங்காவது சாப்பிடுவாரா?

எங்கள் பாம்பனில் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி சேதுராமன் சார். பரமக்குடிக்காரர். இங்கே வேதியியல் நடத்துகிறார். நடத்த வேண்டியவர் என்று சொன்னால் இன்னும் சரி. கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒரு சமன்பாட்டைத் தொடங்குவார். பாதியில் சட்டைப்பை அதிரும். "மிச்சத்துக்கு லிங்க் போட்டுர்றேன்" என்று சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார்.

இத்தனை லிங்க்குகளையும் எப்படித் தேடுகிறார் என்று கேட்கிறீர்களா? தேடுவதே இல்லை. அந்தக் குழுவில் வருவதை இந்தக் குழுவில் போடுவார், இங்கே வருவதை அங்கே போடுவார். சில லிங்க்குகள் மாவட்டம் முழுக்கச் சுற்றிவிட்டு அவரிடமே திரும்பி வந்திருக்கின்றன. அவற்றையும் நன்றி சொல்லி வாங்கி மறுபடி வழியனுப்பி வைத்திருக்கிறார்.

வாங்குகிறவர்களும் சளைத்தவர்கள் அல்லர். லிங்க் விழுந்த நொடியில் கூப்பிய கைகள் வரிசையாக வந்து நிற்கும். 'அருமை சார்', 'தங்கள் சேவை தொடரட்டும்.' யாரும் திறப்பதில்லை. ஒருத்தி திறந்தாள். அங்கேதான் வந்தது வினை.

அவள் பெயர் பிரெசில்லா. சாரின் மாணவி. வேதியியலில் மட்டும் தவறிப்போய்த் துணைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தேறினால் நர்சிங் படிப்பு. இல்லாவிட்டால் ஒரு வருடம் வீண். வீட்டில் இருப்பது ஒரே போன். அது அப்பா கில்பர்ட்டுடையது. எங்கள் ஊர் விசைப்படகுகள் ஒருநாள் விட்டு ஒருநாள் கடலுக்குப் போகும். போனும் அவரோடு போகும். ஆக, படகு கரையில் நிற்கிற நாளில்தான் அந்தப் பிள்ளைக்குப் படிப்பு, அதுவும் அன்றைய டேட்டா தீரும் வரைக்கும். அப்படிக் கிடைத்த நேரத்தில், சார் அனுப்பியதாயிற்றே என்று நம்பி ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்று இந்தியில் பேசியது. ஒன்று வங்கித் தேர்வுக்கானது. ஒன்றில் ஒருவர் வணக்கம் சொல்ல ஆரம்பித்தவர் டேட்டா தீரும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு இதை நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது.

தேர்வுக்கு முன்னால் படகு கரையில் நின்ற கடைசி நாள். அப்பாவும் மகளும் சார் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"சார், நாளைக்கு நான் தொழிலுக்குப் போறேன். போனும் என்கூட வந்துரும்" என்றார் கில்பர்ட். "மின்வேதியியலுக்கு எது நல்ல லிங்க்குன்னு ஒன்னே ஒன்னு சொல்லுங்க."

"எல்லாமே நல்லதுதான்ப்பா."

"நீங்க பாத்தீங்களா சார்?" என்று கேட்டாள் பிரெசில்லா.

சார் வாழ்நாளில் எத்தனையோ கேள்விகளைச் சந்தித்தவர். இதை யாரும் கேட்டதில்லை. "காலையில கூடப் போட்டேனேம்மா, 'மின்வேதியியல் முழுப் பாடம்'னு. அதத் தொற" என்றார்.

திறந்தாள். திருப்பாலைக்குடி அம்மா ஒருவர் கடற்கரையில் உட்கார்ந்து நெத்திலிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே குழுவில் கூப்பிய கைகள் நிறைய இருந்தன.

கில்பர்ட் கவனமாகப் பார்த்தார். "உப்பு கொஞ்சம் கூடத்தான் போடுறாங்க."

"கருவாட்டுலயும் வேதியியல் இருக்குப்பா" என்றார் சார், அசராமல்.

"இருக்கட்டும் சார். பரீட்சைக்கு வருமா?"

டீ கொண்டுவந்த சாரின் மனைவி சண்முகவள்ளி போனை எட்டிப் பார்த்தார். "ஏங்க, இது எங்க அக்காவுக்கு அனுப்பச் சொன்னதுல்ல? அப்ப அவளுக்கு என்னத்த அனுப்புனீக?"

உடனே பரமக்குடிக்குப் போன் போட்டார்கள். அக்கா அமுதவள்ளியின் குரல் ஒலிபெருக்கியில் கணீரென்று வந்தது.

"தம்பி அனுப்பிருக்காகளேன்னு முழுசாப் பாத்தேன்டி. யாரோ ஒரு வாத்தியாரு. நல்லாத்தான் சொல்லிக் குடுக்குறாரு, எனக்கே பாதி வெளங்கிருச்சு. நடுவுல உப்புப் பாலம்னாரு. சரி, இனிமே மீன எடுப்பாருன்னு உக்காந்திருந்தேன். கடைசி வரைக்கும் எடுக்கலயே."

சேதுராமன் சார் பரப்பிய கல்வியில் கடைசி வரை பார்க்கப்பட்டது இது ஒன்றுதான்; பார்த்தவர் கருவாடு போடக் காத்திருந்தவர். அந்த லிங்க்கை அக்காவிடமிருந்து திரும்ப வாங்கி, சாரின் போனிலேயே, சாரின் டேட்டாவிலேயே பிரெசில்லா பார்த்தாள். வேறு வழியில்லாமல் சாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். சாக்பீஸும் கரும்பலகையுமாக ஓர் ஆசிரியர், மின்கலம், அதன் இரண்டு பாதியையும் இணைக்கும் உப்புப் பாலம் என்று பாதியில் நிறுத்தாமல் நடத்திக்கொண்டிருந்தார். "அட, இப்படியும் நடத்தலாம்போல" என்று சார் வாய்விட்டுச் சொன்னதைச் சண்முகவள்ளி ஊருக்கே சொல்லிவிட்டார்.

பிரெசில்லா தேறிவிட்டாள். சார் திருந்தினாரா? 'நமது லிங்க்கால் மாணவி தேர்ச்சி' என்று குழுவில் அறிவித்தார். அந்த மகிழ்ச்சியில் ஒரு மூட்டை புது லிங்க்குகளை அவிழ்த்துவிட்டார். அந்த நல்ல லிங்க்கும் அதற்குள்தான் எங்கேயோ கிடக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இணையத்தில் இலவசமாக நல்ல பாடங்கள் நிறைய இருக்கின்றன. யாராவது ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பார்த்துவிட்டு 'இது நன்றாக இருக்கிறது' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலையைத்தான் யாரும் இலவசமாகச் செய்ய மாட்டேன் என்கிறோம். அது கிடக்கட்டும். போன வாரம் உங்கள் அண்ணன் மகளுக்கு நீங்கள் ஒன்று அனுப்பினீர்களே, படிப்புக்கு உதவும் என்று? பதறாதீர்கள், பார்த்தீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. அந்தப் பிள்ளை நம்பித் திறந்துவிட்டாள். நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறாளாம்.